உடற்படிமமும் உளச்சிகிச்சையும்

மனிதனுக்கு உடல்கள் இரண்டு என்று கூறின் அது வியப்பாகத் தோன்றலாம். பிறர் காணும் உடல் ஒன்று. தன் உள்ளத்தினுள்ளே அவன் தானே தீட்டி வைத்திருக்கும் உடல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்திருத்தல் வேண்டும் என்ற நியதி இல்லை. பின்னையதையே உளவியலார் உடற்படிமம் என்பர். அப்படிமம் கோணிவிடும்போது, உடலில் யாதொரு குறையும் இல்லாத ஒருவர் கதவை அடைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக வீட்டினுள்ளே இருந்துவிடுதலும் உண்டு. அத்தகையோருக்கு உளச்சிகிச்சை எவ்வாறு உதவுகின்றது என்பதும், அன்போடு கூறப்படும் ஆறுதல் ஏன் உதவுவதில்லை என்பதுமே ஈண்டு ஆராயப்படுவன.

அமெரிக்காவிலுள்ள டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த றொபேட் கிளெக், அஞ்செலோ ஸ்ட்ரென்டா என்னும் இருவர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டும். பங்குபற்றியோர் சிலரின் முகத்தில் அரிதாரத்தினால் பெரியதொரு தழும்பு வரையப்பட்டது. கண்ணாடியில் அதனை அவர்கள் கண்டனர். பின்னர், தழும்பு வெடியாதிருத்தற்கு ஏதோ தடவுவதாகக் கூறி, ஆய்வாளர் அதனை அவர்கள் அறியாமலே முற்றாகத் துடைத்துவிட்டனர். முகம் முன்போலாயிற்று, உள்ளத்திலோ தழும்பு நின்றது. அந்நிலையில் முன்பின் அறியாத ஒருவரோடு உரையாட விடப்பட்ட அவர்கள், எதிரிலிருந்தவரின் பார்வையும் பேச்சும் தம் தழும்பினால் மாறுபட்டிருந்தன என்று பின்னர் உறுதியாகக் கூறினர். இல்லாத தழும்பைப் பிறர் நோக்கினர் என்று கூறிய இவர்கள் பொய்யர் அல்லர்; எதிர்பார்த்ததையே கண்டனர், அவ்வளவே. ஒரு பொழுதில் உண்டாக்கப்பட்ட நம்பிக்கைக்கே இத்துணை வலிமை உண்டாயின், பன்னிரண்டு வயது தொட்டு வேரூன்றி வளர்ந்த நம்பிக்கையின் வலிமையைக் கூறவேண்டுவதில்லை.

உடற்படிமம் என்னும் கருத்து முதலில் நரம்பியலிலே தோன்றியது. கால் துண்டிக்கப்பட்ட போர்வீரன் இல்லாத காலில் வலியை உணர்கின்றான். உடல் காலை இழந்துவிட்டது, படிமம் இழக்கவில்லை. இக்கருத்தை எடுத்து விரித்தவர் வியன்னா நகரத்து உளமருத்துவர் போல் சில்டர். உடற்படிமம் புலன்களால் மட்டும் ஆவதன்று, பிறர் நம்மை நோக்கும் நோக்கும் நம்முடைய விருப்பு வெறுப்புக்களும் கலந்தே ஆவது என 1935இல் வெளியிட்ட நூலில் அவர் காட்டினார். அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1891இல், தம் உடலில் விகாரம் உண்டென்று காரணமின்றி அஞ்சும் நோயாளரை என்றிக்கோ மோர்செல்லி என்னும் இத்தாலிய மருத்துவர் விவரித்திருந்தார். புரொயிட்டிடம் சிகிச்சை பெற்று, 'ஓநாய் மனிதர்' என்னும் புனைபெயரால் உளப்பகுப்பியல் வரலாற்றில் இடம்பெற்ற உருசியப் பிரபு குலத்தவர் பிற்காலத்தில் இந்நோய்க்கே ஆளானார். அவர் தம் மூக்கைப் பற்றிய கவலையில் மூழ்கி, சிறு கண்ணாடியொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெருவில் எதிர்ப்பட்ட கடைக் கண்ணாடிகளிலெல்லாம் தம் மூக்கையே பார்த்துத் திரிந்தார் என்று 1926இல் அவருக்குச் சிகிச்சை செய்த றூத் மக் பிறன்சுவிக் எழுதியுள்ளார். இத்துணைத் தெளிவான சான்றுகள் இருந்தும், அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப் பகுப்பு நூலில் இந்நோய் தனிப்பெயரோடு இடம்பெற்றது 1987இலேதான். 2013ஆம் ஆண்டுப் பதிப்பு இதனை எண்ணச் சுழற்சி நோய்களோடு, அதாவது கையைத் திரும்பத் திரும்பக் கழுவத் தூண்டும் நோய் முதலியவற்றோடு, ஒருங்கு வைத்தது. அவ்விடமே பொருத்தமானது என்பது சிகிச்சை முறையை நோக்கும்போது புலனாகும்.

உடலைப் பற்றிய மனக்குறை எல்லாம் நோய் ஆகாது. தன் நிறமோ உயரமோ சற்று வேறாக இருந்திருக்கலாம் என்று ஒருகாலும் எண்ணாதவர் அரியர். அவ்வெண்ணம் நாளிற் பல மணி நேரத்தை விழுங்கி, படிப்பையும் தொழிலையும் நட்பையும் தடுக்கும்போதே அது நோயாகின்றது. உடலுருத் திரிபு நோய் எனத் தமிழிற் கூறத்தகும் இந்நிலை, அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் நிகழ்ந்த கணக்கெடுப்புகளின்படி, வளர்ந்தோரில் நூற்றுக்கு இருவர் அளவில் காணப்படுகின்றது. பெரும்பாலும் பதின்பருவத்திலே தொடங்குவது, வெட்கத்தால் மறைக்கப்படுவது, தற்கொலை எண்ணத்தை மிகுதியாகத் தூண்டுவது. இது மகளிர்க்கே உரியது என்று கருதுதல் பிழை. உடற்பயிற்சிக்கூடங்களிலே தசை திரண்டு பருத்த இளைஞர் சிலர் தம்மை மெலிந்தவர் என்று மெய்யாகவே நம்பி நாணுவதை ஹரிசன் போப் என்னும் அமெரிக்க உளமருத்துவரும் அவருடன் ஆய்ந்தோரும் 1993 முதல் எடுத்துக்காட்டி வந்தனர்.

இப்படிமத்தின் அளவுகோல் உள்ளிருந்து மட்டும் வருவதன்று. பீஜித் தீவின் நட்றோகா மாகாணத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அங்கே மரபாகப் பருத்த உடலே மதிக்கப்பட்டது; மெலிதல் கவலைக்குரிய அறிகுறி. தொலைக்காட்சி வந்த ஆண்டிலும், மூன்று ஆண்டுகள் கழித்து 1998இலும், பாடசாலைப் பெண்களை ஆராய்ந்தார் ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர். உணவுப் பழக்கத்தில் கவலைக்குரிய மாறுதல் காட்டியோர் நூற்றுக்கு 12.7 ஆக இருந்து 29.2 ஆக உயர்ந்தனர். உடல் எடையைக் குறைக்கத் தாமாகவே வாந்தி எடுத்தோர் முன்னர் ஒருவரும் இலர். பின்னர் நூற்றுக்கு 11.3. ஆராயப்பட்டோர் தொகை சிறிது என்பதை மறத்தலாகாது. எனினும் ஒரு சமுதாயத்தின் கண்ணாடி இத்துணை விரைவில் மாற்றப்படலாம் என்பது அச்சந் தருவதே.

துன்புறுவோருக்குச் சுற்றத்தார் முதலிற் செய்வது ஆறுதல் கூறுதல். "உன் மூக்குக்கு என்ன குறை? நன்றாகத்தானே இருக்கிறது" என்கின்றனர். சில நிமிடங்கள் உள்ளம் அமைதி பெறும். பின்னர், "அம்மா என்மீதுள்ள அன்பினாற் சொன்னாள்" என்ற ஐயம் எழும். மீண்டும் வினவத் தோன்றும். கை கழுவுபவன் மீண்டும் கழுவுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஒவ்வோர் ஆறுதலும் அடுத்த வினாவுக்கு வித்தாகின்றது. வேறு சிலர் சத்திரசிகிச்சையை நாடுவர். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் நியூயோர்க்குச் சத்திரசிகிச்சை நிபுணர், முகத்தைச் செம்மையாகத் திருத்திய பின்னும் தம்மை விகாரமானவராகவே கண்ட நோயாளரைப் பற்றி 1960இல் எழுதினார். உடலுருத் திரிபு நோயாளர் பெரும்பாலோருக்குச் சத்திரசிகிச்சை நோயைத் தணிப்பதில்லை என்பதையும், மூக்கை விட்ட கவலை தோலுக்கோ தலைமயிருக்கோ தாவுவதையும் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தின. கத்தி உடலைத் தொடும், படிமத்தைத் தொடாது.

இனிச் சிகிச்சையின் முறையைக் காண்போம். இன்று மிகுந்த சான்றுகளைப் பெற்றிருப்பது அறிகை நடத்தைச் சிகிச்சை என்பது. தன் மூக்கு வளைந்து விகாரமாய் உள்ளது என்று நம்பி வகுப்புக்குச் செல்வதை நிறுத்திவிட்ட ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். சிகிச்சையாளர் மூக்கைப் பற்றி அவனோடு வாதாடுவதில்லை. அழகிய மூக்கென்று புகழ்வதுமில்லை. இரண்டு கூற்றுக்களை அவன் முன் வைப்பார். "என் மூக்கு விகாரமானது, அதுவே என் துன்பத்துக்குக் காரணம்" என்பது ஒன்று. "என் மூக்கைப் பற்றி அளவுக்கு மிஞ்சிக் கவலைப்படுகிறேன்; அக்கவலையும் அதைத் தணிக்க நான் செய்வனவுமே காரணம்" என்பது மற்றொன்று. முதலாவதை மெய்யெனக் கொண்டு அவன் ஆண்டுக்கணக்காக நடந்து பார்த்துவிட்டான், கவலை குறையவில்லை. இரண்டாவதையும் சில வாரங்கள் மெய்யெனக் கொண்டு நடந்து பார்க்கலாமா என்பதே சிகிச்சையாளரின் அழைப்பு. இலண்டன் நகரத்து உளமருத்துவர் டேவிட் வீல் முதலானோர் கையாளும் இம்முறையின் சிறப்பு, நோயாளனைத் தோற்றவனாக்காமல் ஆராய்ச்சியாளனாக்குவதில் உள்ளது.

பின்னர் அவன் ஒரு நாளிற் செய்வனவெல்லாம் எழுதப்படும். கண்ணாடியைப் பார்த்தல், விரலால் மூக்கை அளத்தல், கையால் முகத்தை மறைத்தல், பின்வரிசையில் இருத்தல், நண்பர் மூக்கோடு ஒப்பிடுதல், புகைப்படங்களை அழித்தல் என்று அது நீளும். இவையெல்லாம் கவலையைத் தணிக்கவே செய்யப்படுகின்றன. ஆயினும் கவலைக்கு உணவு இவையே. கண்ணாடியையே எடுத்துக்கொள்க. இந்நோயாளர் சிலர் ஒரே தடவையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கண்ணாடி முன் நிற்பர். இம்முறையாவது வேறாகத் தோன்றமாட்டோமா என்ற நம்பிக்கையோடு சென்று, முன்னிலும் மனமுடைந்து திரும்புவர் என்பது வீல் நடத்திய ஆய்வுகளிலே தெரியவந்தது. இதில் விந்தை இல்லை. ஒரு சொல்லைப் பலமுறை அடுத்தடுத்து உச்சரித்துப் பார்ப்பின், பொருள் கழன்று, அது ஏதோ விநோதமான ஓசையாக எஞ்சும். ஓர் உறுப்பை ஒரு சாண் தொலைவில் நின்று நெடுநேரம் உற்று நோக்கினும் அவ்வாறே அது முகத்தினின்று பிரிந்து பெருக்கும். நோயற்றவரைப் பத்து நிமிடம் அவ்வாறு நிறுத்தியபோது அவரும் மனவருத்தம் அடைந்தனர்.

ஆதலால் சிகிச்சையாளர் கண்ணாடியை உடைக்கச் சொல்வதில்லை. அதனை நோக்கும் முறையைத் திருத்துகின்றார். இயல்பாக மனிதர் நிற்கும் தொலைவில் நின்று, தலை முதல் கால் வரை முழு உருவையும் நோக்கி, வரைபடம் எழுதும் ஒருவர் கூறுவதுபோல் விவரிக்க வேண்டும். "அருவருப்பான மூக்கு" என்று சொல்லல் ஆகாது; அதன் நிறம், நீளம், வடிவு ஆகியவற்றை மட்டும் சொல்லலாம். "அழகிய கண்கள்" என்பதும் வேண்டா, அதுவும் தீர்ப்பே. தீர்ப்புச் சொற்களில்லாமல் தன் முகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுதல் இத்துணை அரிதென்பதைச் செய்து பார்த்தவரே அறிவர். கண்ணாடிக்குரிய வேலை, தலைவாருதல், சவரஞ் செய்தல் போன்றவை, முடிந்ததும் அதைவிட்டு அகலுதலும் பயிற்சியின் ஒரு கூறாகும்.

அடுத்தது வெளியிலே நிகழும் பரிசோதனை. கவலை மிகக் குறைந்த சூழலிலிருந்து மிகக் கூடிய சூழல்வரை ஓர் ஏணி அமைக்கப்படும். கையால் முகத்தை மறையாது அயற்கடைக்குச் செல்லுதல் முதற்படியாகலாம். பேருந்தில் முன்னாசனத்தில் இருத்தல், வகுப்பில் எழுந்து வினாவுக்கு விடை கூறுதல் என்பன மேற்படிகளாகலாம். புறப்படுமுன், யாது நிகழும் என்று அவன் எதிர்பார்க்கின்றான் என்பது எழுதப்படும்: "கடையிலுள்ள பத்துப் பேரில் எட்டுப் பேர் என் மூக்கை உற்றுப் பார்ப்பர்." திரும்பியபின், நிகழ்ந்தது பக்கத்தில் எழுதப்படும். இவ்விரண்டு நிரல்களுக்கும் இடையேயுள்ள தூரமே சிகிச்சை. இது நோயாளருக்கு மட்டும் உரிய மயக்கமும் அன்று. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தொமஸ் கிலோவிச்சும் உடனாய்வாளரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், நாணத்தக்க படம் பொறித்த மேற்சட்டை ஒன்றை மாணவருக்கு அணிவித்து, ஏனையோர் நிறைந்த அறைக்குள் அனுப்பினர். அறையிலிருந்தோரிற் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பர் என்று அணிந்தோர் மதிப்பிட்டனர். மெய்யாகக் கவனித்தவர் ஏறத்தாழக் காற்பங்கினரே.

இப்பரிசோதனைகளின்போது கவனத்தை வெளியே செலுத்தவும் அவன் பழகுகின்றான். இந்நோயாளன் பிறரோடு பேசும்போது பிறரைக் காண்பதில்லை; தான் அவர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகின்றான் என்ற கற்பனைச் சித்திரத்தையே காண்கின்றான். எதிரிலிருப்பவர் கூறுவதன் பொருளிலும் அவர் குரலிலும் உள்ளத்தை நிறுத்தப் பழகும்போது அச்சித்திரம் மங்குகின்றது. அச்சித்திரத்தின் வேரோ பெரும்பாலும் பழைய நினைவொன்றிற் சென்று முடியும்: வகுப்பறையில் எழுந்த ஒரு சிரிப்பு, உறவினர் ஒருவர் விருந்திற் கூறிய ஒரு சொல். அந்நினைவை மீண்டும் மனக்கண்ணில் நிகழ்த்தி, இன்று வளர்ந்துவிட்ட தான் அக்காட்சியினுள்ளே நுழைந்து அச்சிறுவனுக்குத் துணைநிற்பதாகக் கற்பனை செய்யும் பயிற்சியையும் சிலர் கையாளுகின்றனர்.

இவற்றின் பயன் அளந்து பார்க்கப்பட்டது. வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் றோசனும் உடனாய்வாளரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் பங்குபற்றினோர் 54 பேர். சிகிச்சை பெற்றோர் சிறு குழுக்களாக, இரண்டு மணி நேர அமர்வுகள் எட்டில் பயின்றனர். முடிவில் அவர்களுள் நூற்றுக்கு 82 பேரிடம் நோயின் இலக்கணம் நீங்கியிருந்தது. பின்னர் நோக்கியபோது 77. இவர்களுள் நோய் மிக முற்றியவர் குறைவு என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். கடுமையான நோயாளரிடத்து முன்னேற்றம் மெதுவாகவே வரும். பன்னிரண்டு முதல் இருபதுக்கு மேற்பட்ட அமர்வுகளும் தேவைப்படலாம். மனச்சோர்வு மிக்கோருக்கு உளமருத்துவர் தரும் மருந்தும் துணையாகும். உணவை மறுத்து உடல் மெலிந்தவர்க்கோ முதலில் உடல்நிலையைக் காக்கும் மருத்துவம் வேண்டும். பேச்சு அதன் பின்னரே. பிரித்தானிய அரசின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2005இல் இச்சிகிச்சையை விதந்துரைத்தது. சிகிச்சையாளர் அரியராயுள்ள நாடுகளுக்குப் பயன்படத்தக்க செய்தி ஒன்று சுவீடனிலிருந்து வந்தது. 94 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இணையவழிப் பாடங்களும் சிகிச்சையாளரின் எழுத்து வழிகாட்டலும் 12 வாரங்கள் பெற்றோருள் நூற்றுக்கு 56 பேர் குறிப்பிடத்தக்க நலம் பெற்றனர். பொதுவான ஆதரவுப் பேச்சு மட்டும் பெற்றோருள் 13 பேரே.

ஈண்டு ஒரு தடை எழலாம். குறை கற்பனையாயின் இவையெல்லாம் பொருந்தும். மெய்யாகவே முகம் சிதைந்தவர்க்கு யாது செய்வது? இரண்டாம் உலகப்போரில் விமானம் தீப்பற்றி முகமும் கையும் வெந்த வீரர்கள் இங்கிலாந்தில் ஈஸ்ட் கிறின்ஸ்டெட் நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே சத்திரசிகிச்சை செய்த ஆர்ச்சிபால்ட் மக்கின்டோ, தோலை ஒட்டுவதோடு தம் வேலை முடிந்ததாகக் கருதவில்லை. நோயாளர் உடையைக் களைந்து தத்தம் படையுடையை அணியவும், நகரத்துக்குள் உலாவவும் அவர்களை ஊக்கினார். நகரமக்களிடம் அவர்களை உற்றுப் பாராது வரவேற்குமாறு வேண்டினார். நோயாளர் 1941இல் அமைத்துக்கொண்ட சங்கத்தில் முடிவில் 649 பேர் இருந்தனர். மக்கின்டோ உளவியலாளர் அல்லர். ஆயினும் அவர் செய்தது ஒரு நகரத்தையே சிகிச்சைக்கூடமாக்கியது. 1970இல் கார் விபத்தில் முகம் வெந்த ஜேம்ஸ் பாட்ரிட்ஜ் என்பவர் 1992இல் நிறுவிய பிரித்தானிய அறநிலையம் இதனைப் பயிற்சியாகவே வகுத்தது. உற்று நோக்குபவரை எதிர்கொள்வது எவ்வாறு, வினாவுக்குச் சுருங்க விடை கூறிப் பேச்சை வேறு பொருளுக்குத் திருப்புவது எவ்வாறு, முதலிற் கைகொடுப்பது எவ்வாறு என்பன அங்கே கற்பிக்கப்பட்டன. தழும்பின் அளவுக்கும் துன்பத்தின் அளவுக்கும் நேரான தொடர்பு இல்லை என்பது இத்துறை ஆய்வாளர் மீண்டும் மீண்டும் கண்டது. பெருந்தழும்போடு நிமிர்ந்து நடப்பவரும் உளர். சிறு பருவுக்காக முடங்குபவரும் உளர்.

எம்மவர்க்கும் இப்பொருள் அயலானதன்று. மணமகள் தேவை என்னும் விளம்பரங்களில் நிறம் ஒரு தகைமையாக இன்றும் அச்சாகின்றது. அந்நிறத்தை வேண்டிப் பூசப்படும் களிம்புகள் சிலவற்றிலே சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசம் கலந்திருப்பதும் உண்டு. பாடசாலையிலோ பட்டப்பெயர்கள் பெரும்பாலும் உடலைப் பற்றியனவே. சூட்டியவர் மறப்பர், சுமந்தவர் மறவார். கம்பர் இதனை அறிந்திருந்தார் போலும். சிறுவயதில் இராமன் விளையாட்டாகத் தன் கூன் மீது மண்ணுண்டை எய்ததை மந்தரை நெஞ்சில் வைத்திருந்தாள் என்று அவர் கூறுகின்றார். ஓர் அரசே கைமாறிய கதையில் அந்த உண்டைக்கும் ஓர் இடம் உண்டு.

ஆசிரியரிடம் மாணவர் ஒருவர் வந்து, "நான் அவ்வளவு விகாரமாகவா இருக்கிறேன்?" என்று வினவுவாராயின், இல்லை என்று ஒருமுறை கூறலாம், பத்து முறை கூறுதல் நோயோடு கூட்டுச் சேர்வதாகும். இவ்வெண்ணம் நாளில் எத்தனை மணி நேரத்தை எடுக்கின்றது, எதனைச் செய்யவிடாது தடுக்கின்றது என்று வினவுதல் அதனினும் பயன் தரும். விடை மணிக்கணக்கிலோ, தவறவிட்ட வகுப்புக்களிலோ வருமாயின் உளவளத்துணை ஆசிரியரிடமும் அவர் வழியாக உளமருத்துவரிடமும் அனுப்புதல் வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் சொல்லிலோ குறிப்பிலோ புலப்படின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. வகுப்பு முழுவதற்கும் உரிய முறையொன்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் வகுத்த பயிற்சியில், மெலிந்த உடலே அழகு என்ற கொள்கைக்கு எதிராக மாணவியர் தாமே கட்டுரை எழுதுகின்றனர். தம்மிலும் இளையோர்க்கு அறிவுரைக் கடிதம் வரைகின்றனர். பிறர் கூறக்கேட்டு அசையாத உள்ளம், தன் வாயாற் கூறியதற்கு இணங்கத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. விவாதமேடையும் கட்டுரைப் போட்டியும் நிறைந்த எமது பாடசாலைகளுக்கு இம்முறை புதுக் கருவி எதனையும் வேண்டாது.

சிகிச்சையின் கடைசி அமர்வுகளிலே, நோய் மீண்டும் தலைகாட்டக்கூடிய சமயங்கள், புதிய வகுப்பு, திருமண வீடு, புகைப்படம் எடுக்கும் நாள் என்றவாறு, குறித்துவைக்கப்படும். அவ்வேளைகளிற் செய்ய வேண்டியதும் அருகே எழுதப்படும். நலம் பெற்று வெளியேறும் அம்மாணவனிடம் மூக்கைப் பற்றிக் கேட்பின், "எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை" என்று அவன் கூறவும் கூடும். சிகிச்சையாளர் அதனைத் தோல்வியாக எழுதுவதில்லை. கண்ணாடி முன் கழிந்த நேரம் எத்தனை மணியிலிருந்து எத்தனை நிமிடமாயிற்று என்பதையும், வகுப்புக்குச் சென்ற நாட்கள் எத்தனை என்பதையும் அவர் தம் ஏட்டிற் பதிந்துகொள்கின்றார்.